கிட்டப்பா – சுந்தராம்பாள்: பாதியில் முடிந்த ஜோடியும் முடியாத புகழும்

வடசென்னை மேடை வரலாறு – தொடர்

எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 27. அவருடன் மேடையேறிய கே.பி. சுந்தராம்பாளுக்கு வயது 25. இருவரும் ஜோடியாக அறியப்பட்ட காலம் ஏழாண்டைத் தாண்டவில்லை. அதற்குள்ளும் பிணக்கில் பிரிந்திருந்த காலம் உண்டு. இருவரும் சேர்ந்து நடித்த திரைப்படம் ஒன்றுகூட இல்லை. ஆயினும் தமிழ் நாடக மேடையில் ஜோடி என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர்கள் இவைதான். பல ஆண்டுகள் கூடவே நடித்துப் புகழ்பெற்ற வேறு ஜோடிகளை மறந்துவிட்ட தமிழ்நாடு, சில ஆண்டுகளே நீடித்த இந்த ஜோடியை மறக்கவில்லை. அவர்கள் எழுந்த மேடை எப்படிப்பட்டது, அவர்கள் பாட்டில் இருந்தது என்ன, மரணத்துக்குப் பின் அந்தப் புகழைக் காத்தவை எவை என்பதே இந்தப் பகுதியின் பொருள்.

வால்டாக்ஸ் சாலையும் ஸ்பெஷல் நாடகமும்

20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் சென்னையில் நாடகம் இரண்டு வழிகளில் நடந்தது. வக்கீல்களும் அதிகாரிகளும் ஓய்வு நேரத்தில் நடித்த சபா நாடகம் ஒன்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபா அதன் தலைமகன். நடிப்பையே பிழைப்பாகக் கொண்டவர்களின் தொழில்முறை நாடகம் மற்றொன்று. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கவாட்டில் வடக்கு நோக்கிச் செல்லும் வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடைக் கொட்டகை இந்த இரண்டாம் வகைக்குப் பேர்போனது. வெளியூர்க் குழுக்களுக்கு ரயிலடி பக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பகுதிகளின் துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் எளிதில் வந்து சேரும் தொலைவு. இரவு உணவுக்குப் பின் தொடங்கும் நாடகம் பொழுது விடியும்வரை நடப்பது அக்கால வழக்கம்.

துறைமுகம் நாடகக்காரர்களுக்கு வேறொரு வகையிலும் உதவியது. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களின் தமிழர்கள் நாடகக் குழுக்களை விரும்பி அழைத்தனர். சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்கள் வழியே குழுக்கள் கப்பலேறின. கொழும்புக்குப் போக வேறு வழி இருந்தது. 1914 முதல் சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயில் பயணிகளைத் தனுஷ்கோடியில் இறக்கியது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் சேர்த்து வைத்த ஊர் அந்தப் பாதையின் மறுமுனையில் இருந்த கொழும்புதான்.

அக்காலத் தொழில்முறை நாடகத்தில் கம்பெனி நாடகம், ஸ்பெஷல் நாடகம் என்று இரு முறைகள் இருந்தன. கம்பெனியில் நடிகர்கள் ஒரே முதலாளியிடம் சம்பளத்துக்கு இருப்பார்கள். ஒத்திகை, காட்சித் திரைகள், உடைகள் எல்லாம் கம்பெனியின் பொறுப்பு. ஸ்பெஷல் நாடகத்தில் கான்ட்ராக்டர் ஒருவர் நாயக வேடம் கட்டும் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும் கோமாளியான பபூனை மூன்றாவது ஊரிலிருந்தும் ஓர் இரவுக்கென்று பேசி வரவழைப்பார். அவர்கள் ஒன்றாக ஒத்திகை பார்ப்பதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்', 'கோவலன்', 'பவளக்கொடி' போன்ற நாடகங்களின் கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். மீதியை மேடையிலேயே பார்த்துக்கொள்வார்கள். எதிரில் நிற்பவர் எந்த ராகத்தை எடுப்பார், எந்தக் கேள்வியைத் தொடுப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. தர்க்கக் காட்சிகளில் சொல்லுக்குச் சொல், பாட்டுக்குப் பாட்டு பதில் வரவேண்டும். தடுமாறுகிறவரைக் கூட்டம் விட்டுவைக்காது.

ஒலிபெருக்கி இல்லாத மேடை அது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழ வேண்டுமானால் சுருதியை உயர்த்தித்தான் பாட வேண்டும். ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு சுருதியைச் சொல்வது வழக்கம். ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எதிரெதிர் நின்று பாடும்போது இந்த இடைவெளி பெரிய தொல்லை. ஆணின் சுருதிக்கு இறங்கினால் பெண்ணின் குரல் மங்கும். பெண்ணின் சுருதிக்கு ஏறினால் ஆணின் குரல் பிசிறும். கிட்டப்பா – சுந்தராம்பாள் ஜோடியின் வெற்றிக்குரிய இசைக் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து வந்த குரல்

கிட்டப்பா 1906 ஆகஸ்ட் 25இல் செங்கோட்டையில் பிறந்தார். அந்த ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தந்தை கங்காதர ஐயர், தாய் மீனாட்சி அம்மாள். பிள்ளைகள் பலர் இருந்த, வசதியில்லாத குடும்பம். பெற்றோர் இட்ட பெயர் ராமகிருஷ்ணன்; வீட்டில் கூப்பிட்ட பெயர் கிட்டப்பா. சகோதரர்களோடு சிறு வயதிலேயே நாடகத்துக்கு வந்தார். சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் பழகிய பின், கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். தேரும் யானையும் மேடைக்கு வரும்படி காட்சி அமைப்பதில் பெயரெடுத்த கம்பெனி அது. அதன் 'தசாவதாரம்' நாடகம் கிட்டப்பாவின் பாட்டாலேயே கூட்டத்தை இழுத்தது.

பால்ய வயதில் இனிமையாகப் பாடும் சிறுவர்கள் பலருக்குக் குரல் உடையும் பருவத்தில் மேடை வாழ்க்கையும் உடைந்துபோகும். சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் அது ஆண்டுதோறும் நடந்த சோகம். கிட்டப்பாவின் குரல் அந்தப் பருவத்தைத் தாண்டியும் உயரத்தை இழக்கவில்லை. பெண்களுக்குரிய ஐந்து கட்டைக்கும் மேலான சுருதியில் அவர் சிரமமில்லாமல் நின்றார். மேல்ஸ்தாயியில் நிற்கும்போதே துரிதமான பிருகாக்கள் உருண்டு வரும். ஒரு ஸ்வரமும் மற்றொன்றில் கலங்காது. முறையாக நீண்ட குருகுலவாசம் செய்யாமல், கேள்வி ஞானத்திலேயே அவர் ராகங்களைக் கையாண்டார். கச்சேரி வித்வான்களே அவர் நாடகத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்டனர். ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் வேகமான பாணியில் கிட்டப்பாவின் சாயல் உண்டு என்பது இசை உலகில் பரவலாகச் சொல்லப்படும் கருத்து.

கொடுமுடியிலிருந்து வந்த குரல்

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் 1908இல் காவிரிக்கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். தந்தை இல்லாத குடும்பத்தின் வறுமை அவரைச் சிறுமியாக இருக்கும்போதே பாடவைத்தது. ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரலைக் கேட்டவர் ஒருவர் வேலு நாயர் நாடகக் குழுவுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. 'நல்லதங்காள்' நாடகத்தில் குழந்தை வேடத்தில் தொடங்கியவர், வளர்ந்த பின் ஸ்திரீபார்ட் மட்டுமன்றி ராஜபார்ட் வேடமும் கட்டினார். பெண்ணொருத்தி ஆண் வேடம் கட்டிப் பாடுவது அன்றைய மேடைக்குப் புதிதல்ல. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனியில் எல்லா வேடங்களையும் பெண்களே ஏற்றனர். ஆண் வேடம் கட்டிய அனுபவம் பின்னாளில் சுந்தராம்பாளுக்கு எதிர்பாராத வகையில் கைகொடுத்தது.

அவருடைய குரல் கிட்டப்பாவின் குரலிலிருந்து வேறு வகை. கிட்டப்பாவிடம் வேகம்; சுந்தராம்பாளிடம் கனம். ஒவ்வொரு எழுத்தும் திருத்தமாக வந்து விழும். தமிழ்ப் பாட்டின் சொல் சிதையாமல் உச்சஸ்தாயியில் நீண்டு நிற்கும் ஆற்றல் அவருக்கு இயல்பாக இருந்தது.

கொழும்பில் சேர்ந்த ஜோடி

1926இல் இருவரும் கொழும்பில் சந்தித்தனர். சுந்தராம்பாள் ஏற்கெனவே அங்கே நாடகம் நடத்திக்கொண்டிருந்தார். கிட்டப்பா வந்ததும் இருவரையும் ஒரே மேடையில் நிறுத்த ஏற்பாடாயிற்று. கிட்டப்பாவுக்கு எதிரே நின்று ஈடுகொடுக்க முடியுமா என்று சுந்தராம்பாளை எச்சரித்தவர்களும் உண்டு. நாடகம் 'வள்ளி திருமணம்'.

அந்த நாடகம் இப்படியொரு சோதனைக்கென்றே அமைந்தது போன்றது. தினைப்புனம் காக்கும் வள்ளி ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டுகிறாள். நாரதர் வந்து அவளிடம் வாதாடிப் பார்க்கிறார். பிறகு முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகவும் வருகிறான். கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் இருவரின் பாட்டும் பேச்சும். ஆண் கேட்கிறான், பெண் மறுக்கிறாள். அவன் வேறு ராகத்தில் கேட்கிறான், அவள் அதே ராகத்தில் திருப்பியடிக்கிறாள். இருவரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் பாடக்கூடியவர்கள் என்பதால் இங்கே சுருதித் தொல்லை இல்லை. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கலாம். ஒருவர் மேலே போனால் மற்றவர் அதற்கும் மேலே போய் நிற்கலாம். வழக்கமான ஜோடிகளில் ஒருவர் மற்றவருக்கு வழிவிட வேண்டியிருந்தது. இந்த ஜோடியில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. ரசிகர்கள் கண்டது காதல் நாடகம் மட்டுமல்ல. சம பலம் கொண்ட இருவரின் போட்டி. கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் இந்தப் போட்டிக்குச் சூடேற்றியது.

கொழும்பு வெற்றிக்குப் பின் தமிழகமெங்கும் அழைப்புகள் வந்தன. இவர்கள் பெயர் போட்ட நோட்டீஸ் ஒட்டப்பட்டாலே வசூல் உறுதி என்று கான்ட்ராக்டர்கள் நம்பினர்.

மணமும் பிணக்கும்

1927இல் இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பா ஏற்கெனவே 1924இல் கிட்டம்மாள் என்பவரை மணந்தவர். கிட்டப்பா, சுந்தராம்பாள் இருவரின் சாதியும் குடும்பச் சூழலும் வேறுவேறாக இருந்தன. இந்த மணத்தைக் கிட்டப்பாவின் குடும்பத்தார் ஏற்கவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. பிணக்குகள் முற்றிச் சுந்தராம்பாள் கொடுமுடிக்குத் திரும்பினார். அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. கோபமும் உரிமையும் ஏக்கமும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும் கடிதங்கள் அவை. மேடையில் சமமாக நின்றவர், வாழ்க்கையில் தமக்குரிய இடத்தைக் கேட்டு எழுதியவை என்று அவற்றைப் படிக்கலாம்.

இதே ஆண்டுகளில் காங்கிரஸ் இயக்கம் மேடையைத் தன் கருவியாக்கிக்கொண்டிருந்தது. கிட்டப்பா கதர் உடுத்தினார். புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாடல்களைப் பாடினார். சுந்தராம்பாளும் அவ்வாறே. முருகனும் வள்ளியும் கதரைப் பற்றிப் பாடுவதை அன்றைய கூட்டம் முரணாகக் கருதவில்லை; எழுந்து நின்று ஆரவாரித்தது.

1933

குடிப்பழக்கமும் ஓய்வில்லாத இரவுகளும் கிட்டப்பாவின் உடலைக் கெடுத்திருந்தன. 1933 அக்டோபர் இறுதியில் திருவாரூரில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது மேடையிலேயே மயங்கி விழுந்தார். அதன் பின் அவர் மேடையேறவில்லை. டிசம்பர் 2இல் செங்கோட்டையில் உயிர் பிரிந்தது.

அந்த மரணம் நேர்ந்த காலம் கவனிக்கத்தக்கது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1931 அக்டோபர் 31இல், முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியானது. அந்தப் படப்பெட்டி சென்ட்ரல் ரயிலடியிலிருந்து வால்டாக்ஸ் சாலை வழியே ஊர்வலமாக வந்தபோது மக்கள் பூத்தூவித் தேங்காய் உடைத்து வரவேற்றனர். நாடகக்காரர்களின் தெருவழியாகவே அவர்களின் போட்டியாளர் வந்து சேர்ந்தார் எனலாம். அடுத்த சில ஆண்டுகளில் மேடையின் ராஜபார்ட்டுகள் ஒவ்வொருவராகத் திரைக்குப் போயினர். எம்.கே. தியாகராஜ பாகவதரின் முதல் படம் 'பவளக்கொடி' 1934இல் வந்தது. இன்னும் ஓராண்டு உயிரோடு இருந்திருந்தால் கிட்டப்பாவையும் திரை அழைத்திருக்கும். அவர் மேடையின் காலம் முடியும் தறுவாயில், மேடைக்காரராகவே முடிந்தார்.

மீந்தவரின் வழி

ஜோடியில் ஒருவர் இறந்த பின் மற்றவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அந்த ஜோடியின் நினைவு அமைகிறது. மேற்கத்திய ராக் இசை வரலாற்றில் இதற்குப் பல விடைகள் உண்டு. 'தி டோர்ஸ்' குழுவின் ஜிம் மாரிசன் 1971இல் பாரிசில் இறந்தார். அவருக்கும் வயது 27தான். மீந்த மூவர் இன்னும் இரண்டு ஆல்பங்கள் செய்து பார்த்துவிட்டு 1973இல் கலைந்தனர். 'ஜாய் டிவிஷன்' குழுவின் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதத்தில் 23 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். மற்றவர்கள் 'நியூ ஆர்டர்' என்ற புதிய பெயரில் வேறு வகை இசைக்குப் போயினர். 'லின்யர்ட் ஸ்கினர்ட்' குழுவின் பாடகர் ரானி வான் சான்ட் 1977இல் விமான விபத்தில் இறந்தார். பத்தாண்டு கழித்து அவருடைய தம்பியையே பாடகராக நிறுத்திக் குழு மீண்டும் எழுந்தது. கர்ட் கோபேன் 1994இல் 27 வயதில் இறந்ததோடு 'நிர்வாணா' முடிவுக்கு வந்தது.

சுந்தராம்பாள் தேர்ந்த வழி இவை எதிலும் அடங்காது. அவர் வெள்ளைப் புடவைக்கு மாறினார், நகைகளைக் கழற்றினார், இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். பாட்டை மட்டும் விடவில்லை. சில காலம் ஒதுங்கியிருந்தவரை, சத்தியமூர்த்தி உள்ளிட்ட காங்கிரஸ் தலைவர்கள் வற்புறுத்தி மீண்டும் பொது மேடைக்குக் கொண்டுவந்தனர்.

1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் அவர் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். சுந்தராம்பாளுக்கு அதற்குக் கொடுக்கப்பட்ட ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் அன்று நாடெங்கும் பேசப்பட்டது. தயாரிப்பாளர்களைத் தட்டிக்கழிக்கவே அவ்வளவு பெரிய தொகையைச் சொன்னார் என்றும், அவர்கள் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டனர் என்றும் சொல்லப்படுவதுண்டு. படம் பெரிய வெற்றி பெறவில்லை. எழுத்தாளர் கல்கி அதை விமர்சனத்தில் கடுமையாகக் கேலி செய்தார். ஆனால் ஜோடியாக நடிக்காமலே கதைத் தலைவராக நிற்க முடியும் என்று அந்தப் படம் காட்டிவிட்டது.

அவர் பின்னர் ஏற்ற பெயர்பெற்ற வேடங்களை வரிசையாகப் பார்த்தால் இந்தத் தேர்வு தெளிவாகும். 1940இல் 'மணிமேகலை', 1953இல் ஜெமினியின் 'ஔவையார்', 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், 1965இல் 'திருவிளையாடல்', 1967இல் 'கந்தன் கருணை' ஆகிய படங்களில் மீண்டும் ஔவையார், 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. துறவிகள், முதியவர்கள், இறைவனோடு மட்டுமே வாதாடுகிறவர்கள். காதலனோடு வாதாடிய வள்ளியின் தர்க்கக் குரல் கடவுளோடு வாதாடும் ஔவையின் குரலாக மாறியது. தனிவாழ்வில் எடுத்த முடிவு அவருக்குரிய திரை வேடத்தையே வடித்துக் கொடுத்தது. ரசிகர்கள் அந்தப் படங்களில் பக்தியைக் கேட்டனர். அதோடு கிட்டப்பாவுக்கு உரிய இடம் காலியாகவே இருப்பதையும் கண்டனர். வெள்ளைப் புடவை அதை ஒவ்வொரு மேடையிலும் சொல்லாமல் சொல்லியது.

பொதுவாழ்விலும் அவர் ஒதுங்கி வாழவில்லை. 1937 தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடினார். 1951இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். 1969இல் வந்த 'துணைவன்' படப் பாடலுக்காகத் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் பெற்றார். 1980இல் மறைந்தார். கைம்மையை அடையாளமாக ஏற்ற பெண்ணொருவர் அதே அடையாளத்தோடு ஊதியத்திலும் அரசியலிலும் தம் காலத்து நடிகையர் பலருக்குக் கிட்டாத உயரத்தை எட்டியது, எளிய தீர்ப்புகளுக்குள் அடங்காத வரலாறு.

பிளேட்டும் வாரிசுகளும்

கிட்டப்பாவின் புகழ் வாழ்ந்ததற்குச் சுந்தராம்பாள் மட்டும் காரணமல்ல. இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது கிராமபோன். 1925க்குப் பின் மின்முறை ஒலிப்பதிவு வந்தது. அதுவரை பாடகர்கள் கூம்புக்குழாய்க்குள் கத்த வேண்டியிருந்தது. இப்போது மைக் முன் பாடினால் குரலின் நுணுக்கங்கள் தட்டில் ஏறின. கிட்டப்பா பாடிய ஆண்டுகள் இந்த மாற்றத்தோடு சரியாகப் பொருந்தின. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். மேடையில் அரைமணி நேரம் விரித்த பாட்டை அந்த அளவுக்குள் அடக்க வேண்டும். வேகமே பலமாகக் கொண்ட கிட்டப்பாவுக்கு இந்த நெருக்கடி கேடாக முடியவில்லை. தியாகராஜரின் 'எவரனி' கிருதியையும் 'காயாத கானகத்தே' போன்ற நாடகப் பாட்டுகளையும் அவர் பாடிய பிளேட்டுகள் அவர் இறந்த பின்னும் விற்றன. ஒலிநாடாவுக்கும் குறுந்தகட்டுக்கும் இணையத்துக்கும் மாறி இன்றும் கேட்கப்படுகின்றன. இதற்கு நெருங்கிய இணை அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன். 1936, 1937 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 29 பாடல்களைப் பதிவு செய்துவிட்டு 1938இல் 27 வயதில் இறந்தார். 1961இல் அந்தப் பதிவுகள் மறுவெளியீடு கண்டபோதுதான் ராக் இசைத் தலைமுறை அவரைக் கண்டுகொண்டது. கிட்டப்பாவோ உயிரோடிருக்கும்போதே உச்சத்தில் இருந்தவர். இருவரிடமும் பொதுவானது ஒன்று: அசையும் உருவம் இல்லை, குரல் மட்டும் உண்டு. வயதாகித் தளர்ந்த குரலை யாரும் கேட்டதில்லை என்பதால், பதிவில் இருப்பதே இருவரின் முழுக் குரலாக நிலைத்துவிட்டது.

இரண்டாவது காரணம், அவருடைய பாட்டு மற்றவர்கள் பாடக்கூடியதாக இருந்தது. ராக் குழுக்களின் பாடல்கள் பெரும்பாலும் அந்தந்தக் குழுவுக்கே உரியவை. கிட்டப்பா பாடியவையோ சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் எல்லா நடிகர்களுக்கும் பொதுவானவை. அவர் அவற்றுக்குப் புதிய அளவுகோல் வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த ராஜபார்ட்டுகள் அனைவரும் அந்த அளவுகோலால் அளக்கப்பட்டனர். தியாகராஜ பாகவதரின் உயர்ந்த சுருதியில் கிட்டப்பாவின் தாக்கம் தெரிந்தது. டி.ஆர். மகாலிங்கத்தை ரசிகர்கள் கிட்டப்பாவின் நேர் வாரிசாகவே கொண்டாடினர். ஏவி.எம். 1945இல் வெளியிட்ட 'ஸ்ரீவள்ளி' படத்தில் மகாலிங்கம் முருகனாக நடித்து 'காயாத கானகத்தே' பாடினார். கிட்டப்பாவை நேரில் பார்க்காத தலைமுறை அவர் பாட்டை அந்தப் படத்தின் வழியே கேட்டது. இருபதாண்டு கழித்து 'திருவிளையாடல்' படத்தில் மகாலிங்கம் பாணபத்திரராகவும் சுந்தராம்பாள் ஔவையாராகவும் வந்தபோது, கிட்டப்பாவின் பாணியும் கிட்டப்பாவின் துணையும் ஒரே படத்தில், வெவ்வேறு காட்சிகளில் ஒலித்தன.

மரணம் மட்டும் போதுமா?

உருக்கமான மரணமே புகழைத் தந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. வடசென்னை மேடையிலேயே அதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. தேசியப் பாடல்களுக்காகப் பலமுறை சிறை சென்ற நடிகர் விஸ்வநாததாஸ், 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகனாக மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர்விட்டார். கிட்டப்பா மேடையில் மயங்கி விழுந்தார். விஸ்வநாததாஸ் மேடையிலேயே இறந்தார். நிகழ்ச்சி என்ற அளவில் இரண்டாவதே அதிக உருக்கமானது. அவருடைய தியாகத்தை விடுதலைப் போராட்ட வரலாறு மதிக்கிறது. பாட்டைப் பொதுமக்கள் பரவலாக நினைவில் வைக்கவில்லை. வெள்ளை அரசு அஞ்சிய பாடல்கள் அந்த அரசு போனதும் தங்கள் வேலையை முடித்துக்கொண்டன. அவற்றைச் சுமந்து செல்ல ஏராளமான பிளேட்டுகளோ திரை வாரிசுகளோ இல்லை. பல ஆண்டுகள் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் துணையும் இல்லை. நாவிதர் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காகவே அவருடன் நடிக்கச் சில நடிகையர் மறுத்தனர் என்பதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. யாருடைய மரணம் காவியமாகிறது என்பதை மரணம் தீர்மானிப்பதில்லை. பதிவு, வாரிசு, துணை, சமூகத்தில் இருந்த இடம் ஆகியவை சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

கிட்டப்பா – சுந்தராம்பாள் ஜோடிக்கு இவை எல்லாம் வாய்த்தன. குரல் தட்டில் இருந்தது. பாணி வாரிசுகளிடம் இருந்தது. கதை சுந்தராம்பாளின் வெள்ளைப் புடவையில் இருந்தது. கிட்டப்பாவுக்குப் பின் 47 ஆண்டுகள் வாழ்ந்த சுந்தராம்பாள் அந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் காத்தார். பாதியில் முடிந்த ஜோடியின் மறுபாதியை அவர் தனியாக, வேறு வடிவில் நடத்தி முடித்தார் என்பதே இந்த வரலாற்றின் சாரம். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக 'வள்ளி திருமணம்' நடக்கிறது. அங்கே வேடன் வேடம் கட்டுகிறவர் மேல்ஸ்தாயியில் நின்று காட்டினால்தான் கூட்டம் கைதட்டுகிறது. அந்த எதிர்பார்ப்பு கிட்டப்பா விட்டுச்சென்றது.

வால்டாக்ஸ் சாலை மேடையின் இடத்தைத் திரைப்படம் பிடித்த கதையும், 1944இல் வெளியான 'ஹரிதாஸ்' பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட கதையும் அடுத்த பகுதியில்.